பட்டறைக்குப் போன வண்டி, பறிபோன கூலி!

வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையிலே இந்த நாட்டிலே இலட்சோபலட்சம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆட்டோ ஓட்டும் தோழர், 'குட்டி யானை' என்று மக்கள் பெயரிட்டழைக்கும் சிறு சரக்கு வண்டியிலே விடியுமுன்பே காய்கறி மூட்டை ஏற்றிச் செல்லும் தோழர், வாடகைக் கார் ஓட்டும் தோழர், இருசக்கர வண்டியிலே சோற்றுப் பொட்டலம் சுமந்து மழையிலும் வெயிலிலும் மாடிப்படி ஏறி இறங்கும் இளைஞர்! இவர்களுக்கெல்லாம் வண்டி என்பது ஆடம்பரமல்ல, அலங்காரமல்ல. கையைப்போல, காலைப்போல அதுவும் ஓர் உறுப்பு. அந்த உறுப்பு நோயுற்றால், அன்றைய கூலி போயிற்று. மறுநாளும் எழவில்லையென்றால், மளிகைக் கடைக் கணக்கு ஏறிற்று. பத்து நாள் படுத்துவிட்டால், தவணைக்காரன் வாசலிலே நிற்கிறான்.

நோயுற்ற வண்டிக்கு மருத்துவமனைதான் பட்டறை. மருத்துவமனைக்குள் நுழைபவன் நோயை மட்டுமல்ல, நம்பிக்கையையும் சுமந்துகொண்டுதான் நுழைகிறான். "என்ஜின் இறக்கணும்" என்று பட்டறையிலே சொன்னால், இறக்கத்தான் வேண்டும் என்று நம்புகிறான். "கிளட்ச் பிளேட் போயிடுச்சு" என்றால், போயிருக்கும் என்று நம்புகிறான். ஓட்டத் தெரிந்தவனுக்கெல்லாம் உட்பாகம் தெரியுமா? தெரியாது. தெரிந்தவன் சொல்கிறான், தெரியாதவன் கொடுக்கிறான். இங்கேதான், இந்தத் தெரிதலுக்கும் தெரியாமைக்கும் இடையே உள்ள இருட்டிலேதான், ஏமாற்று குடியேறுகிறது.

ஏமாற்று ஒருவகையல்ல. தேயாத பிரேக் ஷூவைத் தேய்ந்துவிட்டதாகச் சொல்லி மாற்றுவது ஒருவகை. மாற்றாமலேயே மாற்றியதாகப் பில் எழுதுவது மற்றொரு வகை. பழைய பாகத்தைத் துடைத்து, மெருகேற்றி, புதிது என்று சொல்லிப் பூட்டுவது மூன்றாவது வகை. ஒரு கோளாறைச் சரிசெய்யப் புகுந்து வேறொரு கோளாறை உண்டாக்கிவிட்டு, அதற்கும் கூலி கேட்பது நான்காவது வகை. "நாளைக்கு வாங்க" என்ற இரண்டே சொற்களாலே பத்து நாட்களைக் கொன்றுவிடுவது ஐந்தாவது வகை. பாதிக்கப்பட்டவன் கேட்கப் போனால், சுவரிலே ஒரு பலகை பதில் சொல்லும்: "பழுது பார்க்க விடப்படும் வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல!"

பொறுப்பல்லவாம்! பணம் வாங்குவதற்குப் பொறுப்புண்டு, பழுதுக்குப் பொறுப்பில்லை! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

பறிபோவது பில் தொகை மட்டுமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டோ ஓட்டும் ஒரு தோழர் என்ஜின் வேலைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலை சரியாக நடக்கவில்லை. திரும்பத் திரும்பப் பட்டறைக்கு நடந்ததிலே பத்து நாள் வண்டி ஓடவில்லை. செலவு போக நாளொன்றுக்கு 700 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுவருபவர் என்றால், அதிலே 7,000 ரூபாய் போயிற்று. பிறகு வேறொரு பட்டறையிலே 5,000 ரூபாய் கொடுத்து, முன்னவர் கெடுத்ததைப் பின்னவர் திருத்தினார். ஆக மொத்தம் 24,000 ரூபாய்! தகராறு செய்தபோது முதல் பட்டறைக்காரர் 'மனமிரங்கி' என்ன செய்தார்? "அடுத்த தடவை வாங்க, ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம்" என்றார்.

இருபத்துநாலாயிரம் இழந்தவனுக்கு ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடி! அதுவும் அடுத்த தடவை! அந்த ஆயிரத்தைப் பெறுவதற்கு அவன் மறுபடியும் அதே பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும்! இதற்குப் பெயர் நட்ட ஈடா? வலையிலே சிக்கிய மீனுக்கு மறுபடியும் இரை காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நட்ட ஈடு என்றால், கெட்டதை எல்லாம் எண்ணிப் பார்த்து ஈடு செய்வது. கொடுத்த பணம், இழந்த நாள், மறுபடி செய்த செலவு இம்மூன்றும் கணக்கிலே வரவேண்டும். பில் தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தீர்ந்தது வழக்கு" என்று சொல்வது, திருடியவன் பர்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்ப்பது போன்றது.

கடல் கடந்து ஒரு பாடம்

"எங்கும் நடப்பதுதானே இது! யார் தடுக்க முடியும்?" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு வரலாற்றைச் சொல்லுகிறோம்.

அமெரிக்க நாட்டிலே கலிபோர்னியா என்ற மாநிலம். அங்கே 1971-ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிப் பழுதுபார்ப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள், அதற்கென்று தனி அரசு அலுவலகமும் அமைத்தார்கள். பட்டறை நடத்துபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலையைத் தொடங்குமுன் எழுத்திலே மதிப்பீடு கொடுக்க வேண்டும். அதைத் தாண்டிச் செலவாகும் என்றால், வண்டிக்காரரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். என்ன வேலை செய்தோம், என்ன பாகம் போட்டோம் என்று பில்லிலே விவரமாக எழுத வேண்டும். வண்டிக்காரர் கேட்டால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தவறு செய்தால் பதிவு பறிபோகும்.

சட்டம் இயற்றியதோடு அவர்கள் தூங்கிவிடவில்லை. புகார்கள் பெருகியபோது அந்த அலுவலகத்து அதிகாரிகளே சாதாரண வாடிக்கையாளர்களைப் போல வேடமிட்டுக்கொண்டு, என்ன பழுது இருக்கிறது, என்ன பழுது இல்லை என்று முன்கூட்டியே திட்டமாகத் தெரிந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு, பட்டறைகளுக்குள் நுழைந்தார்கள். நுழைந்தது சந்துமுனைப் பட்டறையிலே அல்ல, நாடு முழுவதும் பெயர்பெற்ற சியர்ஸ் என்ற மாபெரும் நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையங்களிலே! 38 தடவை நுழைந்தார்கள். அவற்றிலே 34 தடவை, தேவையில்லாத வேலையைத் தலையிலே கட்டப் பார்த்தார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. சராசரியாக ஒவ்வொரு தடவையும் 200 டாலருக்கு மேல் அதிகம் கறந்தார்கள் என்றும் அரசு சொல்லிற்று. 1992-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே இந்தச் செய்தி வெடித்தது. அந்த மாநிலத்திலே நிறுவனத்தின் நிலையங்கள் அனைத்தின் உரிமத்தையும் பறிக்கப்போவதாக அரசு எச்சரித்தது.

முதலிலே நிறுவனம் மார்தட்டிற்று. பத்திரிகைகளிலே முழுப்பக்க விளம்பரம் செய்தது. ஆனால் மக்கள் வருவது குறைந்தது, வழக்குகள் குவிந்தன. அதே மாதத்திலேயே தலைமை நிர்வாகி முன்வந்து, ஊக்கத்தொகை முறையும் விற்பனை இலக்கு முறையும் தவறுகளுக்கு இடம் கொடுத்துவிட்டன என்று ஒப்புக்கொண்டார், அந்த முறையை நீக்குவதாக அறிவித்தார். செப்டம்பரிலே சமரசம் ஏற்பட்டது. குறிப்பிட்ட காலத்திலே, குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்துகொண்ட வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கு 50 டாலர் மதிப்புள்ள சீட்டு கொடுக்க நிறுவனம் சம்மதித்தது. அப்படிப் பெறத் தகுதியுடையோர் ஒன்பது இலட்சம் பேருக்கு மேல்!

இந்த வரலாற்றிலே நாம் மெச்சிக்கொள்ள வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு.

மெச்ச வேண்டியது எது? பாதிக்கப்பட்ட ஒவ்வொருவனும் தனித்தனியே படியேறி, தனித்தனியே சான்று தேடி, தனித்தனியே வழக்காட வேண்டும் என்று அரசு காத்திருக்கவில்லை. அரசே போயிற்று, அரசே கண்டுபிடித்தது. அதன் பயனாக, புகார் கொடுக்கவே தெரியாதவனுக்கும் ஈடு கிடைத்தது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது எது? அந்தச் சீட்டு! ஏமாற்றிய கடையிலேயே போய்ச் செலவழிக்க வேண்டிய சீட்டு! இருநூறு டாலருக்கு மேல் பறித்ததாகச் சொல்லப்பட்ட இடத்திலே, ஐம்பது டாலர் சீட்டு! நம் ஊர்ப் பட்டறைக்காரரின் 'ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடி'க்கு அது அண்ணன் முறைதானே! ஆகவேதான் சொல்லுகிறோம்: ஈடு என்றால் பணமாக வரட்டும், சீட்டாக வேண்டாம்.

குற்றவாளி யார்? ஸ்பானர் பிடித்தவனா?

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். "பட்டறையிலே வேலை செய்பவனும் தொழிலாளிதானே? அவனுக்கு எதிராகவா எழுதுகிறீர்கள்?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. பதிலைத் தெளிவாகவே சொல்லுகிறோம்.

பன்னிரண்டு மணி நேரம் தரையிலே படுத்து, கண்ணிலே எண்ணெய் சொட்ட, நகக்கண்ணிலே கிரீஸ் கருமை மாறாமல் உழைக்கிறானே, அவன் நம்மவன். அவனுக்கு எதிராக ஓரெழுத்தும் எழுதமாட்டோம். ஆனால் அவனைப் பொய் சொல்ல வைப்பது யார் என்று கேட்காமலும் இருக்கமாட்டோம்.

கலிபோர்னியாக் கதையின் உயிர்நாடியே இதிலேதான் இருக்கிறது. அங்கே வேலையாட்கள் பிறவிப் பொய்யர்களா? இல்லை. "இந்த வாரத்துக்குள் இத்தனை பிரேக் வேலை பிடித்தாக வேண்டும், இத்தனை ஷாக் அப்சார்பர் விற்றாக வேண்டும்" என்று மேலேயிருந்து இலக்கு வந்தது. விற்றால் ஊக்கத்தொகை, விற்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. வயிற்றைப் பிடித்து முறுக்கினால் வாய் பொய் பேசாமல் என்ன செய்யும்? முறுக்கியவன் குளிரூட்டிய அறையிலே, பேசியவன் சந்தியிலே!

நம் நாட்டிலும் குளிரூட்டிய கூடமும் கண்ணாடிக் கதவும் கொண்ட சர்வீஸ் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. அங்கே கோட்டு போட்ட இளைஞர் இனிக்க இனிக்கப் பேசி, "இதையும் செய்துவிடலாம் சார், அதையும் செய்துவிடலாம் சார்" என்று பட்டியலை நீட்டும்போது, அந்த இளைஞரின் முதுகுக்குப் பின்னே ஓர் இலக்குக் காகிதம் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்குமானால், நட்ட ஈட்டைக் கட்ட வேண்டியவர் அந்த இளைஞர் அல்லர். அவர் சம்பளத்திலே பிடித்துக் கட்டவும் கூடாது. இலக்கு எழுதிய கை எதுவோ, அந்தக் கையே காசையும் எண்ண வேண்டும்.

சந்துமுனைப் பட்டறைக்காரரையும் நாம் மறக்கவில்லை. அவருக்கும் நெருக்கடி உண்டு. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து ஆணையிட்டது. காரணம் என்ன? உதிரி பாகங்களையும், கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையிலே தாராளமாகக் கிடைக்கவிடாமல் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். அந்த ஆணை பிறகு மேல்முறையீடுகளுக்குச் சென்றது வேறு கதை. ஆணையம் கண்டு சொன்ன உண்மை என்ன? பெரிய மீன் குளத்தை அடைத்துக்கொண்டால் சின்ன மீன் சேற்றிலே துழாவத்தான் வேண்டும். சரியான பாகமும் சரியான கருவியும் கிடைக்காத மெக்கானிக், ஊகித்து வேலை செய்கிறார். ஊகம் தவறினால் பழி அவர்மேல், நட்டம் வண்டிக்காரர்மேல், இலாபமோ இருவரையும் அறியாத எவரோ ஒருவர் பையிலே!

எனவே தவறு வேறு, மோசடி வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவனுக்கும் கை தவறும். தவறினால், "தோழரே, என் பிழைதான்" என்று கூலி வாங்காமல் திருத்திக் கொடுப்பதே நேர்மை. அப்படிச் செய்யும் மெக்கானிக்குகள் நம் ஊர்களிலே நிறையவே இருக்கிறார்கள். வாடிக்கையாளர் அவர்களைத் தேடித் தேடிப் போவதைக் காண்கிறோம். ஆனால் தெரிந்தே பொய் சொல்லி, தெரிந்தே பழையதைப் புதிதென்று பூட்டி, தெரிந்தே பில்லை உப்பவைப்பவர்? அவர் இழப்பை ஈடு செய்வதோடு நிற்கக்கூடாது. இனி அந்த எண்ணமே எழாதபடி கூடுதல் தொகையும் கட்ட வேண்டும்.

சட்டம் இருக்கிறது, சாவி எங்கே?

நம் நாட்டிலே சட்டமே இல்லையா? இருக்கிறது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பிறர் பொருளைப் பொறுப்பிலே வாங்குபவன், விவேகமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அந்த அளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 151-ஆம் பிரிவு சொல்லுகிறது. 'பொறுப்பல்ல' பலகை எழுதுவோர் இதைப் படித்ததுண்டா? செய்த வேலைக்குரிய கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பட்டறைக்காரருக்கு அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவிலே உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை, உழைத்தவனுக்குக் கூலி வந்தாக வேண்டும். ஆனால் அந்த உரிமை, செய்ய வேண்டியதைச் செய்தவனுக்கு. செய்யாத வேலைக்குப் பில் போட்டு, வண்டியைப் பணயமாகப் பிடித்து வைப்பதற்கு அல்ல.

1986-லே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்திலே 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2020 ஜூலை முதல் நடைமுறையிலே இருக்கிறது. பழையதைப் புதிதென்று விற்பது முறையற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். பில் கொடுக்காததும் முறையற்ற வணிகம் என்கிறது. சொல்ல வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு என்கிறது. குறையைச் சரிசெய்யவும், பணத்தைத் திருப்பித் தரவும், கவனக்குறைவாலே ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கட்டவும், தக்க இடத்திலே தண்டத் தொகை விதிக்கவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையை மதிக்காதவருக்குச் சிறைவாசமும் உண்டு.

கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, தானே நின்று பேசலாம். பட்டறை வெளியூரிலே இருந்தாலும், தான் குடியிருக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலே அழைத்து முறையிடவும் வழியுண்டு.

இத்தனையும் இருந்தும் ஏன் ஏமாற்று ஒழியவில்லை? பூட்டு இருக்கிறது, சாவி ஏழையின் கையிலே இல்லை! சான்று எங்கே என்று கேட்கிறது ஆணையம். துண்டுச் சீட்டு கூட இல்லாமல் பணம் கொடுத்தவன் எதைக் காட்டுவான்? பழைய பாகம் பட்டறைக் குப்பையிலே போயிற்று. மூன்று மாதத்திலே முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திலே முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நாள் தள்ளி, நாள் தள்ளி நடக்கிறது வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி! இழந்த கூலியைக் கேட்கப் போனவன் இருக்கிற கூலியையும் இழக்கிறான்.

காணாமற்போன ஒரு சொல்

இவை எல்லாவற்றையும்விட நம்மை உறுத்துவது ஒன்று. அதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவன் இந்தச் சட்டத்தின்படி நுகர்வோன் அல்லன். முதலாளிகள் தங்கள் வணிகத் தகராறுகளை ஏழையின் மன்றத்திலே கொண்டுவந்து குவித்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் ஆட்டோ ஓட்டி அரைவயிறு நிரப்புபவனும் 'வணிகன்' என்று தள்ளப்பட்டால்? அதைத் தடுக்கத்தான் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. சொந்த உழைப்பாலே பிழைப்பு நடத்துவதற்கென்று ஒருவன் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்றது அந்த விளக்கம். 1995-லே உச்சநீதிமன்றமும் இதை எடுத்து விளக்கியது. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக வண்டி வாங்குபவன் நுகர்வோனே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2002-லே வந்த திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. 'வாங்கிய பொருள்' என்பதோடு 'பெற்ற சேவை' என்ற சொல்லையும் அந்த விளக்கத்திலே சேர்த்தது. பட்டறை வேலை என்பது சேவைதானே! ஆகவே அந்தச் சொல், ஆட்டோ தோழருக்குக் குடை போல இருந்தது.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலே என்ன ஆயிற்று? விளக்கம் இருக்கிறது, 'வாங்கிய பொருள்' இருக்கிறது, 'பெற்ற சேவை'யைக் காணோம்! மறதியாலே விழுந்ததோ, வேண்டுமென்றே விடுபட்டதோ, விளைவு ஒன்றுதான். உல்லாசப் பயணம் போகக் கார் வைத்திருப்பவர் பட்டறைமேல் வழக்குத் தொடுத்தால் தடையில்லை. உயிர் பிழைக்க ஆட்டோ வைத்திருப்பவர் தொடுத்தால், "நீ வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவன்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்கலாம். நீதிபதிகள் நியாயமறிந்து அந்த வாதத்தைத் தள்ளலாம். ஆனால் ஏழையின் உரிமை, நீதிபதியின் இரக்கத்தை நம்பி ஏன் இருக்க வேண்டும்? சட்டத்தின் எழுத்திலேயே அது ஏன் இருக்கக்கூடாது?

ஒரே ஒரு சொல்! கார் வைத்திருப்பவருக்குத் தேவைப்படாத சொல், கூலி வாங்கிப் பிழைப்பவனுக்கு உயிரான சொல்! அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தைக் கேட்கிறோம்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, காணாமற்போன அந்தச் சொல் சட்டத்திலே திரும்ப ஏறட்டும்.

இரண்டாவது, வேலை தொடங்குமுன் எழுத்திலே மதிப்பீடு, மீறினால் வண்டிக்காரர் ஒப்புதல், கழற்றிய பாகம் வண்டிக்காரர் கைக்கு என்ற இம்மூன்றும் எல்லாப் பட்டறைகளுக்கும் கட்டாயமாகட்டும். சிறு பட்டறைக்குப் பாரமாகும் என்பார்கள். எப்படிப் பாரமாகும்? கணினி வேண்டாம், அலுவலகம் வேண்டாம், கார்பன் தாள் வைத்த பத்து ரூபாய் நோட்டு போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் சிறு மெக்கானிக்குக்கு அந்தத் தாள் கேடயம். பொய்ப் புகாரிலிருந்து அவரையும் அது காக்கும்.

மூன்றாவது, ஈடு பணமாகவே கொடுக்கப்படட்டும். வண்டி நின்ற நாட்களின் கூலியும் அதிலே சேரட்டும்.

நான்காவது, இத்தனை பாகம் விற்றாக வேண்டும் என்று வேலையாளுக்கு இலக்கு வைப்பதும், விற்ற பாகத்தின் எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுப்பதும் பழுதுபார்ப்புத் தொழிலிலே தடுக்கப்படட்டும். அந்த ஊக்கத்தொகை நியாயமான சம்பளமாக மாறட்டும்.

ஐந்தாவது, 2020 ஜூலையிலே அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு விசாரணை செய்யும் அதிகாரம் இருக்கிறது. புகார் வரட்டும் என்று காத்திராமல், பழுது இன்னதென்று தெரிந்த வண்டிகளைப் பெரிய சர்வீஸ் நிலையங்களுக்கு அனுப்பிச் சோதிக்கட்டும். கலிபோர்னியாவிலே செய்ய முடிந்தது இங்கே முடியாதா?

தோழர்கள் செய்யவேண்டியது

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்க வேண்டுமென்று சொல்லவில்லை. இன்றே செய்யக்கூடியவை உண்டு.

வண்டியை விடும்போது, என்ன வேலை, எவ்வளவு தொகை, எந்த நாள் என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம், உங்கள் வண்டியிலே இருந்தது உங்கள் பொருள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் வாங்கினால் வரி சேர்ந்து தொகை ஏறும் என்று பயமுறுத்துவார்கள். பில் இல்லாவிட்டால் பணம் கொடுத்ததற்கே சான்றில்லை என்பதை நினைவிலே வையுங்கள். அதிகம் கேட்டு வண்டியைப் பிடித்து வைத்தால், பிழைப்புக்காகப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். ஆனால் 'ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டுங்கள். அடுத்து, நடந்ததை எழுதி, இன்ன தொகை இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று விரைவுத் தபாலிலே ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தக் கடிதத்திலேயே பல வழக்குகள் முடிந்துவிடும். முடியாவிட்டால், ஆணையத்தின் படியேறுங்கள்.

தனியாக ஏறத் தயங்குவானேன்? ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்திலும் பலகை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். அவன் மனு எழுதட்டும். வாய்தாவுக்குப் போகும் தோழரின் ஒருநாள் கூலியை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுக்கட்டும். பட்டறைத் தொழிலாளர் சங்கத்தையும் பக்கத்திலே உட்கார வைத்துப் பேசட்டும். ஓட்டுபவனும் பழுதுபார்ப்பவனும் எதிரெதிரே நின்று ஏசிக்கொண்டால், நடுவிலே நிற்பவன் இருவர் பையிலும் கைவிடுவான். இருவரும் ஒருபக்கம் நின்றால், கைவிட அவனுக்கு இடமேது?

நாம் கேட்பது சலுகையல்ல, தருமமல்ல, தள்ளுபடியுமல்ல. செய்த வேலைக்குக் கூலி கொடுக்கத் தயாராயிருக்கிறோம், செய்யாத வேலைக்குக் கொடுக்கமாட்டோம். கெடுத்தவர் கட்ட வேண்டும், கெட்டவன் கட்டக்கூடாது. இந்த எளிய நியாயம் 'பொறுப்பல்ல' பலகைகள் தொங்கும் ஒவ்வொரு சுவரிலும் ஏறும் நாள்வரை எழுதுவோம், பேசுவோம், மனுவோடு படியேறுவோம்!